தினம் ஒரு தகவல்: வீட்டிலும் வகுப்பிலும் தொடங்குகிறவர்களுக்கு

குழந்தைகளுக்கு நாளுக்கு ஒரு தகவல் சொல்ல ஆசைப்படாத பெற்றோரோ ஆசிரியரோ குறைவு. முதல் வாரம் உற்சாகமாகப் போகும். மூன்றாவது வாரம் சொல்ல ஒன்றும் கிடைக்காமல் கைபேசியைத் துழாவுவோம். அதற்குப் பிறகு, வந்து குவியும் ‘உங்களுக்குத் தெரியுமா?’ படங்களில் ஒன்றை எடுத்துச் சொல்லிவிடுவோம். அது பொய்யாக இருக்கும். இந்த வழியில் தட்டுத் தடுமாறித்தான் நானும் வந்தேன். நீங்கள் அதே முட்டுச்சந்துகளில் போய் நிற்க வேண்டாம் என்பதற்காக, தொடங்கும் முன் யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாமே என்று நினைத்தவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தகவலைத் தேடுவது எளிது. அது சரிதானா என்று பார்ப்பதும், பிள்ளை தானே தொட்டுப் பார்க்கும்படி அதைக் கொடுப்பதும்தான் வேலை.

1. வயது, நேரம், அளவு

ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குத் தகவல் என்று தனியாக ஒன்றும் வேண்டாம். எறும்பு வரிசையைக் காட்டி, நிழலைக் காட்டி, கூட நின்று பார்த்தால் போதும். ஆறு முதல் எட்டு வயதுவரை ஒரே வாக்கியத்தில் அடங்கும் தகவல் சரியாக வரும். ஒன்பது வயதுக்கு மேல் ‘ஏன்’, ‘எப்படித் தெரியும்’ என்ற கேள்விகள் வந்துவிடும். அப்போது தகவலோடு அதன் காரணத்தையும் கையில் வைத்திருங்கள்.

சொல்ல இரண்டு நிமிடம், பேச ஐந்து நிமிடம். இதற்குமேல் நீட்டினால் அது பாடமாகிவிடும், பிள்ளை நழுவிவிடும். வீட்டில் என்றால் எல்லோரும் உட்காரும் ஒரு வேளையைப் பிடியுங்கள். பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் வேண்டாம். தூங்கப் போகும் நேரத்தில் சொல்வதானால் எரிமலை, நிலநடுக்கம், நச்சுப் பாம்பு எல்லாம் கூடாது. வகுப்பில் என்றால் வருகைப் பதிவு முடிந்தவுடன் கரும்பலகை ஓரத்தில் எழுதிவிடுவது நல்லது. நாள் முழுவதும் அது கண்ணில் படும்.

வாரத்துக்கு ஐந்து தகவல் போதும். ஆறாவது நாள் திரும்பிப் பார்க்க, ஏழாவது நாள் விடுமுறை. ஏழு நாளும் சொல்வேன் என்று தொடங்குகிறவர்கள்தான் சீக்கிரம் நிறுத்துகிறார்கள்.

2. என்ன வாங்க வேண்டும், என்ன வேண்டாம்

கட்டாயமானது ஒன்றே ஒன்று: தடித்த அட்டை போட்ட ஒரு நோட்டு. அடுத்து, கையிருப்பு இடம் கொடுத்தால் ஓர் உலக உருண்டை. செலவில் பெரியது இதுதான். ஆனாலும் சுவரில் மாட்டும் வரைபடத்தைவிட இதற்கே என் வாக்கு, காரணம் ஆறாவது படியில் வருகிறது. அளவு நாடா, கைக்கடிகாரம், பூதக்கண்ணாடி ஆகியவை ஏற்கெனவே வீட்டில் இருக்கக்கூடும். அகராதியையும் நிலப்பட நூலையும் நூலகத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

வாங்க வேண்டாதவை: ‘ஆயிரம் அதிசயத் தகவல்கள்’ வகைத் தொகுப்புகள். அவற்றில் எது எங்கிருந்து எடுக்கப்பட்டது என்ற குறிப்பு அரிதாகவே இருக்கும். ஒரு தொகுப்பிலிருந்து இன்னொரு தொகுப்புக்குப் பிழைகள் அப்படியே குடிபெயர்ந்து வருவதைப் பார்த்திருக்கிறேன். மாதச் சந்தா கட்டும் செயலிகளும் தொடக்கத்தில் தேவையில்லை.

3. நோட்டைப் பிரித்துக்கொள்வது

ஒரு பக்கத்தில் ஐந்து கட்டங்கள் போடுங்கள்: தேதி, தகவல், எங்கே கிடைத்தது, எந்த ஆண்டு நிலவரம், பிள்ளை கேட்ட கேள்வி. மூன்றாவதும் நான்காவதும் சலிப்பான கட்டங்கள்தான். ஆனால் ஆறு மாதம் கழித்து “இதை எங்கே படித்தீர்கள்?” என்று ஒரு பத்து வயதுப் பிள்ளை கேட்கும்போது அந்த இரண்டும்தான் உங்களைக் காப்பாற்றும்.

ஐந்தாவது கட்டத்தை அலட்சியம் செய்யாதீர்கள். அடுத்த வாரத்துக்கான தகவல்கள் பெரும்பாலும் அங்கிருந்தே கிடைக்கும்.

வாரத்தில் ஒரு நாள் ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஐந்தையும் மொத்தமாகத் தயார் செய்துவிடுங்கள். தினமும் காலையில் தேடிக்கொள்ளலாம் என்று விட்டால் சரிபார்க்க நேரம் இருக்காது. அறிவியலுக்கு இரண்டு நாள், புவியியல், மொழி, பண்பாடு ஆகியவற்றுக்கு ஒவ்வொரு நாள் என்பது எனக்கு ஒத்துவந்த கணக்கு. ஆனால் அன்று மழை பெய்தால் அட்டவணையைத் தூக்கி வைத்துவிட்டு மழையைப் பற்றிப் பேசுங்கள்.

நாட்காட்டியும் கைகொடுக்கும். பிப்ரவரி 21 உலகத் தாய்மொழி நாள், மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். ஏப்ரல் 12 அன்று 1961-இல் யூரி ககாரின் விண்வெளிக்குப் போன முதல் மனிதரானார். ஜூலை 20 அன்று 1969-இல் மனிதர்கள் முதன்முதலாக நிலவில் இறங்கினார்கள். இப்படிப்பட்ட நாட்களை ஆண்டுத் தொடக்கத்திலேயே குறித்துவைத்தால் அந்தந்த வாரத்தின் சுமை குறையும்.

4. தேர்ந்தெடுப்பது

நல்ல தகவலுக்கு என் அளவுகோல் இது: கேட்ட பிள்ளை அன்றே ஏதாவது ஒன்றைச் செய்து பார்க்கவோ, உற்றுப் பார்க்கவோ முடிய வேண்டும். ‘நீலத் திமிங்கிலம்தான் உலகின் மிகப்பெரிய விலங்கு’ என்றால் பிள்ளை தலையாட்டும், அவ்வளவுதான். ‘அது முப்பது மீட்டர் வரை வளரும்’ என்று சொல்லி, நாடாவை எடுத்துத் தெருவில் முப்பது மீட்டர் அளக்கச் சொன்னால் அந்த நாளை அது மறக்காது.

இந்த அளவுகோலில் தேறும் சிலவற்றைத் தருகிறேன். முதல் சில வாரங்களுக்கு இவையே போதும்.

காலையில் எழுந்தவுடன் நம் உயரம் இரவில் இருப்பதைவிட ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கும். முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள மெத்தை போன்ற வட்டுகள் பகல் முழுவதும் நம் எடையால் அழுந்துவதே காரணம். சுவரில் கோடு போட்டு அளக்கலாம்.

நிலவு ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிடச் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக எழுகிறது. மூன்று நாள் பார்த்தாலே தெரிந்துவிடும்.

தண்ணீர் உறையும்போது சுமார் 9 விழுக்காடு விரிகிறது. அதனால்தான் பனிக்கட்டி மிதக்கிறது. ஒரு பிளாஸ்டிக் குவளையில் தண்ணீர் ஊற்றி, மட்டத்தைக் குறித்து, உறைய வைத்துப் பாருங்கள். கண்ணாடிப் பாத்திரம் கூடாது, வெடித்துவிடும்.

பிறந்த குழந்தைக்கு ஏறக்குறைய 300 எலும்புகள், வளர்ந்தவருக்கு 206. சில எலும்புகள் ஒன்றோடொன்று இணைந்துவிடுவதால் எண்ணிக்கை குறைகிறது. ஒட்டகச்சிவிங்கியின் அவ்வளவு நீளக் கழுத்திலும் ஏழே எலும்புகள்தான், நம் கழுத்திலும் ஏழுதான். பிள்ளை உடனே தன் கழுத்தைத் தடவிப் பார்க்கும். பார்க்கட்டும்.

மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்கி, இடி கேட்டதும் நிறுத்துங்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்கச் சுமார் மூன்று விநாடி எடுக்கும் என்பதால், எண்ணிக்கையை மூன்றால் வகுத்தால் மின்னல் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் வெட்டியது என்று கிடைக்கும். இதை வீட்டுக்குள் இருந்தபடிதான் செய்ய வேண்டும்.

5. சரிபார்ப்பது

எல்லோரும் தாண்டிப் போகும் படி இது. எனக்கு அதிக நேரம் பிடித்ததும் இதுதான்.

முதலில் இந்தப் பட்டியலைப் பாருங்கள். சந்திரனிலிருந்து சீனப் பெருஞ்சுவர் தெரியும். தங்கமீனுக்கு மூன்று விநாடிதான் நினைவு. மூளையில் பத்து விழுக்காட்டைத்தான் நாம் பயன்படுத்துகிறோம். நாக்கின் நுனியில் இனிப்பு மட்டும், ஓரத்தில் புளிப்பு மட்டும் தெரியும். வௌவாலுக்குக் கண் தெரியாது. நெருப்புக்கோழி பயந்தால் மணலில் தலையைப் புதைத்துக்கொள்ளும். ஒருமுறை மின்னல் விழுந்த இடத்தில் மறுமுறை விழாது.

இவற்றில் ஒன்றுகூட உண்மையில்லை. தொகுப்புகளில் அடிக்கடி வருபவை இவையே. பெருஞ்சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். சீனாவின் முதல் விண்வெளி வீரர் யாங் லிவெய் 2003-இல் பூமியைச் சுற்றிவந்தபோது, அவ்வளவு அருகிலிருந்தே அது தன் கண்ணுக்குத் தெரியவில்லை என்றார். நிலவோ பூமியிலிருந்து சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது.

கோடைக்காலத்தில் பூமி சூரியனுக்கு அருகில் போகிறது என்பதும் இந்த வகைதான். உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரித் தொடக்கத்தில், மிகத் தொலைவில் இருப்பது ஜூலையில். பூமியின் அச்சு சாய்ந்திருப்பதால்தான் பருவங்கள் மாறுகின்றன. இதைச் சொன்னால் பெரியவர்களே வாதாடுவார்கள். உலக உருண்டையும் ஒரு கைவிளக்கும் இருந்தால் வாதம் முடிந்துவிடும்.

எங்கே சரிபார்ப்பது? கோள்கள், விண்கலங்கள் என்றால் நாசா போன்ற விண்வெளி அமைப்புகளின் தளங்கள். நாடுகளின் எண்ணிக்கை, கொடி என்றால் ஐக்கிய நாடுகள் சபையின் தளம். பரப்பு, உயரம், நீளம் என்றால் அண்மையில் அச்சான நிலப்பட நூல். சொற்கள் என்றால் அகராதி. விக்கிப்பீடியா தொடங்குவதற்கு நல்ல இடம். ஆனால் கட்டுரையின் அடியில் தரப்பட்டிருக்கும் சான்றைத் திறந்து பார்த்தால்தான் அது சரிபார்ப்பு. கேட்டவுடன் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் யோசனை கேட்கலாம், சான்றாக அவற்றைக் கொள்ள வேண்டாம். தெரியாததையும் அதே நிதானத்தோடு சொல்லக்கூடியவை அவை.

இரண்டு தனித்தனி இடங்களில் ஒத்துவந்தால் ஏற்கலாம். ஒரே வாக்கியம் சொல் மாறாமல் பத்துத் தளங்களில் இருந்தால் அது பத்துச் சான்றாகாது.

‘மிகப்பெரிய’, ‘மிக உயரமான’ என்று தொடங்கும் தகவல் எதுவானாலும், எதிலிருந்து அளந்தார்கள் என்று கேளுங்கள். கடல் மட்டத்திலிருந்து அளந்தால் எவரெஸ்ட். அடிவாரத்திலிருந்து உச்சிவரை அளந்தால், பெரும்பகுதி கடலுக்குள் இருக்கும் ஹவாய்த் தீவின் மௌனா கியா. பூமியின் மையத்திலிருந்து அளந்தால் எக்குவடோர் நாட்டின் சிம்போராசோ உச்சிதான் மிகத் தொலைவில் இருக்கிறது, ஏனென்றால் பூமி நடுவில் சற்றுப் புடைத்திருக்கிறது. சகாரா உலகின் மிகப்பெரிய வெப்பப் பாலைவனம். ‘வெப்ப’ என்ற சொல்லை எடுத்துவிட்டால் அந்த இடம் அண்டார்க்டிகாவுக்குப் போய்விடும். நீளமான ஆறு நைலா அமேசானா என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. அப்படியானால் வேறுபாடு இருக்கிறது என்றே சொல்லிவிடுங்கள். பிள்ளைகளுக்கு அது பிடிக்கும், பெரியவர்களும் சண்டை போடுகிறார்கள் என்பதே அவர்களுக்கு ஒரு செய்தி.

நோட்டில் ஆண்டு எழுதச் சொன்னதற்கும் காரணம் உண்டு. புளூட்டோ 2006-இல் குறுங்கோள் ஆனது. எவரெஸ்டின் உயரம் 2020 டிசம்பரில் 8,848.86 மீட்டர் என்று புதிதாக அறிவிக்கப்பட்டது. சனிக்கோளின் நிலவுகள் 2023-க்கு முன் அச்சான புத்தகங்களில் நூற்றுக்கும் குறைவாகவே இருக்கும். 2025 மார்ச்சில் 128 புதிய நிலவுகள் ஏற்கப்பட்ட பிறகு எண்ணிக்கை 274. ஐக்கிய நாடுகள் சபையில் 2011-இல் தெற்கு சூடான் சேர்ந்தபிறகு உறுப்பு நாடுகள் 193. உங்கள் பழைய புத்தகத்தில் வேறு எண் இருந்தால் புத்தகத்தைக் கோபிக்க வேண்டாம், அது அச்சான ஆண்டைப் பாருங்கள்.

6. பெரிய எண்ணைக் கைக்கு எட்டவைப்பது

ஒளியின் வேகம் விநாடிக்குச் சுமார் மூன்று லட்சம் கிலோமீட்டர் என்பது பிள்ளைக்கு வெறும் ஓசை. ‘ஒரு முறை கைதட்டும் நேரத்தில்’ என்று தொடங்காமல் சரியாகவே சொல்லுங்கள்: ஒளி வளைந்து ஓட முடிந்தால், ஒரே விநாடியில் பூமியை ஏழரைச் சுற்றுச் சுற்றிவிடும். அப்படிப்பட்ட ஒளிக்கே சூரியனிலிருந்து இங்கே வரச் சுமார் எட்டு நிமிடம் இருபது விநாடி ஆகிறது. கடிகாரத்தை வைத்து எட்டு நிமிடம் சும்மா உட்காரச் சொல்லுங்கள். எவ்வளவு தொலைவு என்று உடம்புக்கே தெரிந்துவிடும். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள்.

காகித மடிப்பும் நன்றாக வேலை செய்யும். ஒரு சாதாரணத் தாளை ஆறேழு முறைக்கு மேல் பாதியாக மடிக்க முடிவதில்லை. முடிந்தால், 0.1 மில்லிமீட்டர் தாளை 42 முறை மடித்ததும் அதன் தடிமன் நிலவின் தொலைவையே தாண்டிவிடும். பெரிய பிள்ளைகள் இதை நம்ப மாட்டார்கள். தாமே இரட்டித்து இரட்டித்துக் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும், ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

உலக உருண்டைக்கு வாக்களித்தேன் அல்லவா? சுவர் வரைபடங்கள் பலவற்றில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல் ஏறத்தாழ 14 மடங்கு பெரியது. உருண்டையைத் தட்டையாக்கும்போது துருவத்துப் பக்கம் உள்ள நிலங்கள் இழுபட்டு விரிகின்றன. இதைச் சொல்லிக்கொடுக்க இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் போதும், விளக்கவுரை தேவைப்படாது.

7. மொழிக்கும் பண்பாட்டுக்கும் கூடுதல் கவனம்

மொழி பற்றிய தகவல்களில் புரளி அதிகம். எடுத்துக்காட்டுக்கு ஒன்று: கங்காரு என்றால் ‘எனக்குத் தெரியாது’ என்று பொருளாம். வந்தவர்கள் விலங்கின் பெயரைக் கேட்க, அங்கிருந்தவர்கள் ‘தெரியாது’ என்றார்களாம். கதை இனிக்கிறது, உண்மை இல்லை. ஆஸ்திரேலியாவின் கூகு யிமிதிர் மொழியில் அந்த விலங்கின் ஒரு வகைக்கு உள்ள பெயரிலிருந்தே சொல் வந்தது. ஒரு சொல்லின் பிறப்பை ஒரு குட்டிக் கதை அழகாக விளக்கிவிட்டால் அகராதியைத் திறக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

வாயை வைத்தே செய்து பார்க்கக்கூடிய மொழித் தகவல்கள் பாதுகாப்பானவை, சுவையானவையும்கூட. ‘ம்ம்ம்’ என்று முனகிக்கொண்டே மூக்கை இறுகப் பிடிக்கச் சொல்லுங்கள். ஒலி நின்றுவிடும். ங், ஞ், ண், ந், ம், ன் ஆறையும் இப்படிச் சோதிக்கலாம். ஆறும் மூக்கு வழியே வருபவை, மெல்லினம் என்று ஒரு குழுவாக வைத்ததற்குப் பிள்ளையின் மூக்கே சாட்சி. ல, ள, ழ மூன்றையும் சொல்லி நாக்கு எங்கே போகிறது என்று கண்ணாடியில் பார்க்கச் சொல்லலாம். தமிழ் எழுத்து 247 என்று ஒப்பிக்க வைப்பதைவிட, 12 உயிரையும் 18 மெய்யையும் பெருக்கி, அவற்றையும் ஆய்தத்தையும் கூட்டச் சொன்னால் எண் தானாக வரும். உலகில் ஏறக்குறைய 7,000 மொழிகள் பேசப்படுகின்றன. அவற்றில் 800-க்கு மேற்பட்டவை பப்புவா நியூ கினியா என்ற ஒரே நாட்டில் இருக்கின்றன. இதை உருண்டையில் காட்டிச் சொல்லுங்கள்.

பண்பாட்டுத் தகவலில் இரண்டு சொற்களை விலக்கிவிட்டேன்: ‘எல்லோரும்’, ‘விசித்திரமான’. நியூசிலாந்தின் மாவோரி மக்கள் மூக்கோடு மூக்கும் நெற்றியோடு நெற்றியும் சேர்த்து வணக்கம் சொல்லும் மரபு உடையவர்கள். இதற்கு ஹோங்கி என்று பெயர். எத்தியோப்பிய நாட்காட்டியில் 13 மாதங்கள், கடைசி மாதத்துக்கு ஐந்தோ ஆறோ நாட்கள்தான். நேபாளத்தின் தேசியக்கொடி நாற்கோணமாக இருக்காது. இவற்றைச் சிரிக்கும் குரலில் சொன்னால் பிள்ளைக்குத் தகவல் மறந்துபோகும், சிரிப்பு மட்டும் தங்கிவிடும். கூடவே, ‘அவர்கள் நம்மைப் பார்த்து எதைக் கேட்பார்கள்?’ என்று ஒரு கேள்வி போடுங்கள். அந்தப் பேச்சு நீங்கள் வைத்த ஐந்து நிமிடத்துக்குள் முடியாது.

8. சொல்லும்போது

விடையை முதலில் போட்டு உடைக்காதீர்கள். ‘ஆக்டோபசுக்கு மூன்று இதயம்’ என்பதற்குப் பதிலாக ‘எத்தனை இருக்கும்?’ என்று கேட்டு, எல்லோரையும் ஓர் எண்ணைச் சொல்லவிட்டு, பிறகு சொல்லுங்கள். அதன் இரத்தம் நீல நிறம் என்பதை அடுத்த நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். காரணம் செம்பு. நம் இரத்தத்தில் உயிர்வளியைச் சுமப்பதில் இரும்புக்கு உள்ள பங்கு அங்கே செம்புக்கு.

தெரியாத கேள்வி வந்தால் “தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்” என்று சொல்லி நோட்டில் எழுதுங்கள். மறுநாளே சொல்லிவிட வேண்டும். தள்ளிப்போட்டால் அடுத்த முறை கேட்க மாட்டார்கள்.

பரீட்சை வைக்காதீர்கள். விருந்தினர் முன்னால் ‘சொல்லு கண்ணா’ என்று ஒப்பிக்க வைக்கவும் வேண்டாம். இந்தப் பழக்கம் செத்துப்போவதற்கு இதைவிட விரைவான வழி எனக்குத் தெரியாது.

9. ஆறாவது நாளும் அதற்குப் பிறகும்

ஆறாவது நாள் நோட்டைப் பிள்ளையிடம் கொடுத்து, பிடித்த ஒன்றை வேறு யாருக்காவது சொல்லச் சொல்லுங்கள். தாத்தா, பாட்டி, அடுத்த வீட்டுப் பிள்ளை, யாராக இருந்தாலும் சரி. சொல்லும்போது எங்கே தடுமாறுகிறதோ அங்கே நீங்கள் சரியாக விளக்கவில்லை என்று அறியலாம். திருத்தம் தேவைப்பட்டால் பழைய வரியை அடித்துவிட்டு அருகிலேயே புதியதைத் தேதியோடு எழுதுங்கள், பக்கத்தைக் கிழிக்க வேண்டாம்.

பள்ளிப் பலகையிலோ குழுவிலோ பகிர்வதானால் இணையத்தில் கண்ட படங்களை அப்படியே எடுத்துப் போடாதீர்கள், பலவற்றுக்கு உரிமை உண்டு. கட்டற்ற உரிமத்தில், அதாவது பிறரும் பயன்படுத்தலாம் என்ற அனுமதியோடு, வெளியிட்ட படங்கள் விக்கிமீடியா பொதுவகம் என்ற இணையதளத்தில் கிடைக்கும். படத்தின் கீழேயே எப்படிப் பயன்படுத்தலாம், யார் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்று எழுதியிருக்கும். அதைவிட, பிள்ளையே வரைந்த படம் எந்த உரிமமும் கேட்காது. ஆனால் பிள்ளையின் முழுப்பெயர், வகுப்பு, முகம் ஆகியவற்றைப் பொதுவெளியில் சேர்க்க வேண்டாம்.

சில மாதங்களில் பிள்ளை ஒரு தகவலோடு உங்களிடம் வரும், பெரும்பாலும் நண்பனிடம் கேட்டதாக இருக்கும், பெரும்பாலும் தவறாகவும் இருக்கும். ‘தப்பு’ என்று சொல்லிவிடாமல் நோட்டின் மூன்றாவது கட்டத்தைக் காட்டி “இங்கே என்ன எழுதலாம்?” என்று கேளுங்கள். அந்த வாரத்து ஒரு மணி நேர வேலையில் பிள்ளைக்கும் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுவிடுங்கள்.